செருகும், படம் வருமா?

ஒரு முனையில் டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனையில் எச்டிஎம்ஐ உள்ள கேபிள் இன்று எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு முனையையும் டிவியின் எச்டிஎம்ஐயில் மறுமுனையையும் செருகினால் படம் உடனே வந்துவிடும். அதே கேபிளைத் திருப்பிப் போட்டு, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு இணைத்தால் திரை கறுப்பாகவே நிற்கும். கேபிளில் குறையில்லை, மானிட்டரிலும் பழுதில்லை. அது ஒருவழிக் கேபிள். பல கேபிள்களில் அதைச் சொல்ல ஓர் அம்புக்குறிகூட இருப்பதில்லை. வாங்கியவர் மானிட்டரைச் சந்தேகப்படுகிறார், கேபிளை மாற்றிப் பார்க்கிறார், லேப்டாப்பை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். இந்தச் செலவும் அலைச்சலும் அவர் தலையில் விழ வேண்டியவையே இல்லை.

வீடியோ இணைப்புகளில் எது சிறந்தது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் வேகத்தைப் பற்றியது: எத்தனை ஜிகாபிட், எத்தனை கே, எத்தனை ஹெர்ட்ஸ். பொருத்தத்தை எடைபோட அந்தக் கணக்கு போதாது. நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இரு முனைகளிலும் ஓடுவது ஒரே வகை சிக்னல்தானா, இல்லையென்றால் அதை மாற்றும் வேலையைச் செய்வது எது? இணைப்பு தோற்றால், ஏன் தோற்றது என்று பயன்படுத்துபவருக்குத் தெரியவருமா? பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் உண்மையைச் சொல்கிறதா? இவற்றில் மூன்றாவது கேள்விக்கே அதிக எடை தருகிறேன். முதல் இரண்டில் உள்ள குறைகளைப் படித்துத் தெரிந்துகொண்டு சமாளித்துவிடலாம். பெயரே வழி தவறவைத்தால் படித்தும் பயனில்லை.

விஜிஏயிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஐபிஎம் நிறுவனம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது அது. மூன்று வரிசையில் 15 பின்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் ஒவ்வோர் ஒத்திசைவு சிக்னல். எல்லாமே அனலாக். இதன் பெரிய நற்குணம், கெடும்போதுகூடச் சொல்லிவிட்டுக் கெடுவது. முதல் பின் வளைந்துபோனால் சிவப்பு போய்ப் படம் நீலப்பச்சையாகத் தெரியும். இரண்டாவது போனால் கத்தரிப்பூ நிறம். மூன்றாவது போனால் எல்லாம் மஞ்சள். திரையைப் பார்த்தே எந்தப் பின் என்று சொல்லிவிடலாம். மலிவான சில கேபிள்களில் 12ஆம், 15ஆம் பின்களுக்குக் கம்பியே போட்டிருக்க மாட்டார்கள். மானிட்டர் தன்னால் எந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும் என்று கணினியிடம் தெரிவிக்கும் வழி அதுதான். அது அறுந்திருந்தால் கணினி தயங்கி, 1024க்கு 768 போன்ற பழைய அளவிலேயே நின்றுவிடும். அப்போதும் படம் வராமல் போவதில்லை.

நேர்மை இருந்தும் வயது ஏறிவிட்டது. புள்ளிகள் கூடக்கூட அனலாக் சிக்னல் மங்குகிறது. தட்டைத் திரையில் எழுத்துகளின் விளிம்பு கரைகிறது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து, கணினிகளிலிருந்து விஜிஏயை விலக்கி டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் எச்டிஎம்ஐக்கும் மாறப்போவதாக அறிவித்தன. இன்டெல்லும் ஏஎம்டியும் அதற்கு வைத்த கெடு 2015. கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடங்களில் கூரையில் தொங்கும் ப்ரொஜெக்டர்கள் பலவற்றுக்கு நீண்டு வருவது அந்த நீலத்தலை விஜிஏ கேபிள்தான். பேச வருபவரின் லேப்டாப்பில் விஜிஏ இருக்காது. ஆகவே கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது.

இங்கேதான் முதல் பெரிய ஏமாற்று நடக்கிறது. எச்டிஎம்ஐயில் ஓடுவது டிஜிட்டல். விஜிஏ கேட்பது அனலாக். இடையில் ஒரு சிப் உட்கார்ந்து மாற்றித்தந்தாக வேண்டும். நல்ல கன்வெர்ட்டரின் தலைப்பகுதியில் அந்தச் சிப் இருக்கும். எச்டிஎம்ஐயின் 18ஆம் பின்னில் வரும் 5 வோல்ட்டை வைத்து அது இயங்கும், கொஞ்சம் சூடாகவும் செய்யும். ஆனால் சிப்பே இல்லாமல், ஒரு பக்கம் எச்டிஎம்ஐயும் மறுபக்கம் விஜிஏயுமாக வெறும் கம்பியால் கட்டிய கேபிள்களும் இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. சாதாரணக் கணினியிலோ டிவியிலோ அவற்றால் எந்தப் பயனும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் விவரம் தெரிந்த கடைக்காரரிடம் கன்வெர்ட்டர் கேட்டால், "எதுலேருந்து எதுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். இந்த மதிப்பீடு முழுவதற்கும் அதுதான் சரியான தொடக்கக் கேள்வி. இணைய விற்பனைப் பக்கம் அதைக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விஜிஏயில் திருட்டுத் தடுப்புக்கான எச்டிசிபி பூட்டு கிடையாது. அதனால் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தாலும், ஸ்லைடுகள் தெரியும் அதே திரையில் கட்டணத் திரைப்படச் செயலியின் படம் மட்டும் தெரியாமல் போகலாம். வன்பொருளில் கோளாறு தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

டிவிஐக்கு வருவோம். 1999இல் இன்டெல், சிலிக்கான் இமேஜ், காம்பாக், புஜித்சு, எச்பி, ஐபிஎம், என்இசி ஆகியவை கூடி வகுத்தது. பொருத்தம் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால், இந்த வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் நான் தருவது இதற்குத்தான். காரணம் அதன் டிவிஐ-ஐ வடிவம். ஒரு பக்கத்தில் தட்டையான ஒரு தகடு, அதைச் சுற்றி நான்கு பின்கள். அந்த நான்கும் விஜிஏயின் அனலாக் சிக்னலைச் சுமக்கும். மற்றவை டிஜிட்டலைச் சுமக்கும். பழைய மானிட்டர் வைத்திருப்பவர் சிப் எதுவும் இல்லாத சிறிய அடாப்டரைப் போட்டுக்கொண்டார். புதியது வாங்கியவர் டிஜிட்டலாகவே எடுத்துக்கொண்டார். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவே இவ்வளவு பெருந்தன்மையாகப் பாலம் போட்ட இணைப்பு அதற்குப் பிறகு வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. டிவிஐ-டி என்ற டிஜிட்டல் மட்டும் உள்ள வகையில் அந்த நான்கு துளைகள் கிடையாது. ஆகவே நான்கு பின் உள்ள டிவிஐ-ஐ கேபிள், தேவையான டிஜிட்டல் பின்கள் எல்லாம் பொருந்தியும், அதில் நுழையாது. அந்த நான்கையும் குறடால் பிடுங்கிவிட்டுச் செருகியவர்கள் உண்டு. 2016இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 போன்ற கார்டுகளில் டிவிஐ இருந்தது, ஆனால் டிவிஐ-டி. அதற்கு விஜிஏ அடாப்டர் வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். ஒற்றை இணைப்பு, இரட்டை இணைப்பு என்ற பிரிவும் உண்டு. ஒற்றை இணைப்பின் எல்லை விநாடிக்கு 16.5 கோடிப் புள்ளிகள். 60 ஹெர்ட்ஸில் 1920க்கு 1200 வரை போகும். ஆப்பிள் 2004இல் கொண்டுவந்த 30 அங்குல சினிமா டிஸ்ப்ளே 2560க்கு 1600 புள்ளிகள் கொண்டது. அதற்கு இரட்டை இணைப்பு கட்டாயம். என்றாலும், டிவிஐயின் இந்த வேறுபாடுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. துளையை உற்றுப் பார்த்தால் எந்த வகை என்று தெரியும். பின்களை எண்ணினால் ஒற்றையா இரட்டையா என்று தெரியும். இனி வரப்போகும் எதற்கும் இந்தப் பாராட்டைச் சொல்ல முடியாது.

எச்டிஎம்ஐ 2002 டிசம்பரில் வந்தது. ஹிட்டாச்சி, மட்சுஷிடா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்ற ஏழு நிறுவனங்களின் படைப்பு. டிவிஐயின் சிக்னல் முறையையே எடுத்துக்கொண்டு, ஒலியைச் சேர்த்து, 19 பின்களில் சுருக்கினார்கள். அந்த முடிவின் பலன் இன்றுவரை கிடைக்கிறது. 20 ஆண்டு பழைய டிவிஐ மானிட்டரைச் சிப் இல்லாத சாதாரண அடாப்டரால் இன்றைய கணினியின் எச்டிஎம்ஐயோடு இணைக்கலாம்; பெரும்பாலும் ஒலிதான் வராது, படம் வரும். முதல் கேள்வியில் எச்டிஎம்ஐ நன்றாகவே தேறுகிறது.

மூன்றாவது கேள்வியில்தான் சறுக்குகிறது. 2013இன் எச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 ஜிகாபிட் வரை தரும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, குறியீட்டுச் சுமையோடு சேர்த்து 17.82 ஜிகாபிட் வேண்டும். ஆக அளவெடுத்துத் தைத்த எல்லை அது. 2017இன் 2.1 அதை 48 ஜிகாபிட்டுக்கு உயர்த்தியது. 4கே 120 ஹெர்ட்ஸ் அதில் அடங்கும். ஒருவர் கடைக்குப் போய் 2.1 என்று அச்சிட்ட மானிட்டரை வாங்கினால் 48 ஜிகாபிட்டை எதிர்பார்ப்பது நியாயம்தானே? 2021 டிசம்பரில், 2.1 என்று விற்கப்பட்ட ஒரு மானிட்டரின் திறன் 2.0 அளவிலேயே நின்றதைக் கண்டு கேள்வி எழுப்பினார்கள். உரிமம் வழங்கும் அமைப்பு சொன்ன விளக்கம் இது: 2.0 என்ற ஒன்று இனி இல்லை, அது 2.1க்குள் அடங்கிவிட்டது, 2.1இன் புதிய வசதிகள் அனைத்தும் விருப்பத் தேர்வுகள். அதாவது புதிய வசதி ஒன்றுகூட இல்லாத கருவியும் 2.1 என்று அழைத்துக்கொள்ளலாம். எந்தெந்த வசதிகள் உண்டு என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும் என்றும் அவர்கள் சேர்த்துச் சொன்னதை மறைக்கக் கூடாது. ஆனால் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் 2.1 என்றும், எந்த வேகம் என்பது விவரக் கையேட்டின் எங்கோ ஒரு வரியிலும் இருந்தால், அந்த நிபந்தனை வாங்குபவரைக் காப்பாற்றாது. இதை நான் ஒரு சிறு பெயர்க் குழப்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. எண் என்பது வாக்கு. வாக்கின் உள்ளடக்கத்தைக் காலி செய்துவிட்டு எண்ணை மட்டும் விற்பது தவறு.

கேபிள் விஷயத்தில் அதே அமைப்பு சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளில் 2.0, 2.1 என்று எண் போட விதி இடம் தருவதில்லை. வேகத்தைச் சொல்லும் பெயர்கள்தான்: 18 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது பிரீமியம் ஹைஸ்பீடு, 48க்குச் சோதிக்கப்பட்டது அல்ட்ரா ஹைஸ்பீடு. போனைக் கொண்டு ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று உறையில் ஒட்டியிருக்கும். கேபிளுக்குச் செய்ய முடிந்ததைத் துளைக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு நல்ல பதில் எதையும் நான் காணவில்லை. 2024 பிப்ரவரியில் எச்டிஎம்ஐ ஃபோரம் எடுத்த முடிவும் தராசில் ஏற வேண்டும். லினக்ஸுக்காகத் திறந்த மூலக் குறியீட்டில் 2.1 ஆதரவைத் தர ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை அது நிராகரித்தது. கார்டும் டிவியும் கேபிளும் தயாராக இருந்தும், அனுமதி இல்லாததால் முழு வேகம் கிடைக்காத நிலையை அது உண்டாக்கியது.

டிஸ்ப்ளேபோர்ட்டை விஇஎஸ்ஏ அமைப்பு 2006இல் வெளியிட்டது. டிவிஐ வழியிலிருந்து முற்றிலும் விலகி, படத்தைச் சிறு சிறு பார்சல்களாகக் கட்டி அனுப்பும் முறை அது. சிக்னல் வகை மாறியதால் பழைய திரைகளோடு தொடர்பு அறுந்திருக்க வேண்டும். அறுந்துபோகாமல் காத்தது இரட்டை முறை என்ற ஏற்பாடு. அடாப்டர் செருகப்பட்டதை 13ஆம் பின் மூலம் கணினி தெரிந்துகொள்ளும். உடனே தன் சிக்னலையே எச்டிஎம்ஐ வகைக்கு மாற்றிக்கொள்ளும். அடாப்டருக்குள் மின்னழுத்தத்தைச் சரிக்கட்டும் எளிய சுற்று இருந்தால் போதும். தொடக்கத்தில் சொன்ன ஒருவழிக் கேபிளின் இரகசியமும் இதுதான். மாறும் வேலையைச் செய்வது கேபிள் அல்ல, டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினி. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள கணினிக்கு டிஸ்ப்ளேபோர்ட்டாக மாறத் தெரியாது. அந்தத் திசையில் போக வேண்டுமானால் உள்ளே சிப் உள்ள, பெரும்பாலும் தனியாக யுஎஸ்பி மின்சாரம் கேட்கும் கன்வெர்ட்டரை வாங்கியே தீர வேண்டும்.

இதன் மீதும் எனக்குக் குறைகள் உண்டு. 20ஆம் பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரணக் கேபிளில் அந்தக் கம்பி இரு முனைகளையும் இணைக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறிய மலிவுக் கேபிளைப் போட்டால் மானிட்டரிலிருந்து மின்சாரம் கணினிக்குள் ஏறி, கணினி தொடங்காமல்கூட அடம்பிடிக்கும். ஒரு துளையிலிருந்து பல திரைகளை இயக்கும் வசதி 2010இன் 1.2 பதிப்பில் வந்தது. விண்டோஸில் இரண்டு தனித் திரைகளாக விரியும் அதே ஹப், மேக்கில் இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டும். அது ஆப்பிளின் தேர்வு, கேபிளின் குற்றம் அல்ல. ஆனாலும் வாங்கியவருக்கு நஷ்டம் நஷ்டம்தான். 2.1 என்ற எண் இங்கேயும் முழு நேர்மையானதல்ல: ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 கார்டுகள் 2.1 என்று வந்தன, அந்த முறையின் உச்ச வேகம் அவற்றில் கிடையாது. என்றாலும் தேர்ச்சி விகிதத்தில் டிஸ்ப்ளேபோர்ட் முன்னே நிற்கிறது. கணினிக்கும் மானிட்டருக்கும் இடையே இரு முனையிலும் டிஸ்ப்ளேபோர்ட்டாகவே இணைத்தால், இரு கருவிகளும் பேசித் தங்களுக்குப் பொதுவான வேகத்தில் இறங்கி நின்று, படத்தைக் கொடுத்துவிடும்.

கடைசியாக யுஎஸ்பி-சி. 2014இல் வந்த 24 பின் துளை. அதே ஆண்டு செப்டம்பரில் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அதன் வழியே அனுப்பும் முறையும் அறிவிக்கப்பட்டது. எப்படித் திருப்பினாலும் நுழையும், மின்சாரமும் தரவும் படமும் ஒரே கம்பியில் வரும். பொறியியலாகப் பார்த்தால் இந்த வரிசையில் மிக அழகான படைப்பு இது. பொருத்தமாகப் பார்த்தால் மிக மோசமானது. படம் அனுப்பும் வசதி கட்டாயமில்லை. ஒரே லேப்டாப்பின் இரண்டு சி-துளைகளில் ஒன்றில் படம் வரும், மற்றதில் சார்ஜ் மட்டும் ஏறும். இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். கேபிளும் அப்படித்தான். 2023இன் ஐபோன் 15, 4கே வரை படத்தை வெளியே அனுப்பும். ஆனால் அதன் பெட்டியிலேயே வைத்துத் தந்த கேபிள் யுஎஸ்பி 2 வேகத்தது. வீடியோவுக்குத் தேவையான அதிவேகக் கம்பிகள் அதில் இல்லை. அதை மானிட்டரில் செருகினால் போன் சார்ஜ் ஏறும், திரையில் ஒன்றும் தெரியாது.

லேப்டாப்பின் ஒரே சி-துளையிலிருந்து பல கருவிகளை இணைக்கும் பெட்டியான டாக்கில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அலுவலகங்களில் அதிகம் கேட்கும் புகார் இது: 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, மவுஸ் அம்பு தத்தித்தத்தி நகர்கிறது. சி-கேபிளுக்குள் அதிவேக ஜோடிகள் நான்கு. டாக் தன் யுஎஸ்பி 3 துளைகளுக்காக இரண்டை எடுத்துக்கொண்டால் படத்துக்கு மீதி இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டு ஜோடிகளும் சேர்ந்து 8.64 ஜிகாபிட் தரும். 4கே 60 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 12.5 ஜிகாபிட் தேவை. இடம் போதாமல் 30க்கு இறங்குகிறது. லேப்டாப்பும் டாக்கும் 1.4 வேகத்தில் பேசினால் அதே இரண்டு ஜோடிகள் 12.96 தரும், 60 ஹெர்ட்ஸ் மயிரிழையில் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஒரு டாக் வாங்க வேண்டும் என்றால், எந்தக் கணக்காளரும் ஆசிரியரும் அதைச் செய்ய முடியாது. அவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். எல்லா வசதியையும் கட்டாயமாக்கினால் மலிவான போனிலும் சாதாரண சார்ஜிங் கம்பியிலும் வீடியோவுக்கான செலவு ஏறும். விருப்பத் தேர்வாக வைத்ததால்தான் யுஎஸ்பி-சி இவ்வளவு வேகமாகப் பரவியது என்பார்கள். உண்மைதான். குறைந்த விலைக் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியைத் திணிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாதம் வசதியை விட்டுவிடுவதற்கு நியாயம் சொல்கிறது. விட்டுவிட்டதைச் சொல்லாமல் இருப்பதற்குச் சொல்லவில்லை. கேபிளில் வேகத்தையும் வாட்டையும் அச்சிடும் முத்திரைகளை யுஎஸ்பி அமைப்பே கொண்டுவந்திருக்கிறது. அவை கட்டாயமாக இல்லாததால், முத்திரை இல்லாத கேபிளே கைக்கு எளிதில் கிடைக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. மேசைக் கணினிக்கும் மானிட்டருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் முதலிடம். கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் மற்ற எல்லாத் திரைகளுக்கும் இறங்கிப் போக வழி உண்டு, எதிர்த்திசையில் அது எளிதல்ல. கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டும் இருக்கும்போது எச்டிஎம்ஐயை டிவிக்கு விட்டுவிடுங்கள். டிவி, ப்ரொஜெக்டர், விளையாட்டுக் கருவிகளுக்கு எச்டிஎம்ஐயைத் தவிர வேறு வழியில்லை. அங்கே கருவியின் 2.1 என்ற எண்ணை நம்பாமல், 4கே 120 ஹெர்ட்ஸ் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, சான்று ஒட்டிய அல்ட்ரா ஹைஸ்பீடு கேபிளை வாங்குவதே பாதுகாப்பு. யுஎஸ்பி-சி, லேப்டாப்பின் விவரப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் கண்ணில் பட்டால் மட்டும். விஜிஏ ப்ரொஜெக்டர் இன்னும் வெளிச்சமாக இருந்தால் சிப் உள்ள கன்வெர்ட்டரோடு அதை ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்லைடு காட்ட அது தாராளம்.

பிழை யாருடையது என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தவறான கேபிள் வாங்கியவர் மேல் அதைப் போடுவதை நான் ஏற்கவில்லை. ஒரே துளைக்குள் ஐந்து விதத் திறன்களை வைத்து, ஒரே பெயரில் விற்க அனுமதித்த தர அமைப்புகளும், அந்த அனுமதியை விளம்பரத்துக்குப் பயன்படுத்திய தயாரிப்பாளர்களுமே பொறுப்பு. திருத்தும் வழி செலவு மிக்கதும் அல்ல. விஇஎஸ்ஏ தன் சான்று பெற்ற கேபிள்களில் டிபி40, டிபி80 என்று ஜிகாபிட்டையே பெயராக அச்சிடத் தொடங்கிவிட்டது. அதே எண்ணை லேப்டாப்பிலும் மானிட்டரிலும் டாக்கிலும் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் பொறிக்கட்டும். ஒருவழிக் கேபிளில் அம்புக்குறி போடட்டும். அதற்கு இடமில்லை என்ற சாக்கு செல்லாது. தண்டர்போல்ட்டின் மின்னல் குறி அதே ஓரத்தில், சிறிய துளைக்குப் பக்கத்தில், 2011 முதல் பொறிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.